வேடியப்பன் காசின் விளிம்பில் இருந்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று சென்னைப் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைக்கும் படம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. அதைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செங்கம் பக்கத்துக்காரி. தபால் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை. ஊரில் எங்கள் ஆயா வீட்டைப் 'பசராக்காரர் வீடு' என்பார்கள். கடிதத்தில்கூட அப்படித்தான் விலாசம் வரும். 'பசராக்காரர் வீடு, மாரியம்மன் கோயில் எதிரில்' என்று எழுதிய கடிதங்களை நானே எத்தனையோ முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். பசரா என்றால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ பழைய குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயாவின் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ரயிலில் பம்பாய் போனாராம், அங்கிருந்து கப்பலாம். போகும்போது அவருடைய அத்தை மகனும் கூடப் போனாராம். வரும்போது இவர் மட்டும் வந்தாராம். திரும்பி வந்தவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் முன்வரிசைப் பல் ஒன்றுகூட இல்லை என்பாள் ஆயா. காய்ச்சல் வந்து படுத்தால் 'மாய், மாய்' என்று முனகுவாராம். ஏதோ மாயம் மந்திரம் பிடித்திருக்கிறது என்று பயந்து, பூசாரியைக் கூப்பிட்டுத் திருநீறு போட்டிருக்கிறார்கள். அவர் தன் வாயால் எதையும் விவரமாகச் சொன்னதில்லை. 1940களில் இறந்துவிட்டார்.

ஆயா வீட்டு மாடத்தில், காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில், ஒரு வட்டக் காசு இருக்கும். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது, மேலே தொங்கவிட ஒரு கம்பி. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், உடம்பில் துணி இல்லை, கையில் சின்னக் கத்தி. குதிரையின் காலடியில் ஒரு மண்டை ஓடு. எங்கள் பக்கத்தில் குதிரையும் கத்தியும் என்றால் வேடியப்பன் சாமிதான். ஆகவே அது 'வேடியப்பன் காசு'. வெள்ளிக்கிழமைதோறும் ஆயா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, குங்குமம் வைப்பாள். ஆயாவுக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு நான்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தார். அந்த ஊருக்கே ராணுவப்பேட்டை என்றுதான் பெயர், வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று சொல்வார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் தன் கொள்ளுத்தாத்தாவின் பதக்கத்தைப் பற்றிச் சொல்லி, கைப்பேசியில் படத்தைக் காட்டினார். அதே குதிரை, அதே ஆள், அதே மண்டை ஓடு. எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. மறுவாரம் அவர் தன்னுடையதை எடுத்து வந்தார், நான் எங்கள் வேடியப்பனைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். முத்திரை குத்தும் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அச்சு ஒன்றுதான். ஆனால் அவருடையது வெள்ளி, எங்களுடையது வெண்கலம்.

"விளிம்பைப் பாருங்கம்மா, அதிலதான் பேர் இருக்கும்" என்றார். அவர் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (பாலம், பாதை போடும் பொறியாளர் படை) என்று படைப்பிரிவு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எங்களுடையதில் ஒன்றும் தெரியவில்லை. எண்பது தொண்ணூறு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து எப்படி நிற்கும்? பக்தியோடு செய்த காரியத்தில் அவர் பெயரை நாங்களே கரைத்துக்கொண்டிருந்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தபால் முத்திரை மங்கியிருந்தால் நாங்கள் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். அதையே செய்தேன். மெல்லிய காகிதத்தை விளிம்பின் மேல் வைத்துப் பென்சிலை மெதுவாகத் தேய்த்தேன், சின்ன வயதில் நாலணாவுக்குச் செய்வோமே அதுபோல. நாலு முறை தேய்த்த காகிதங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வைத்துப் பார்த்ததில் எழுத்து எழும்பி வந்தது. முதலில் நாலு இலக்க எண். அப்புறம் ஆங்கிலத்தில் 'கூலி' என்ற சொல். அப்புறம் பெயர். கடைசியில் லேபர் கார்ப்ஸ், அதாவது தொழிலாளர் படை.

பெயரில் கடைசி எழுத்து இல்லை, நடுவில் ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஆனால் தப்பும் தவறுமாக எழுதிய விலாசங்களை முப்பது வருஷம் படித்தவளுக்கு அது ஒரு கஷ்டமா? என் கொள்ளுத்தாத்தாவின் பெயர்தான் அது. சத்தமாகப் படித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் பெயர் வந்து பல வருஷம் ஆகிறது.

அந்த வெண்கலத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1914–18 முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த இந்தப் பதக்கத்தில் சுமார் 65 லட்சம் வெள்ளியில் அடித்தது. சுமார் 1,10,000 மட்டும் வெண்கலம். வெண்கலம் யாருக்கு? பெரும்பாலும் சீனா, மால்ட்டா, இந்தியாவிலிருந்து போன தொழிலாளர் படையினருக்கு. ஒரே போர், ஒரே வெயில், ஒரே காலரா. துப்பாக்கி பிடித்தவருக்கு வெள்ளி, மூட்டை பிடித்தவருக்கு வெண்கலம்.

இதை வீட்டில் சொன்னபோது என் மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சின்ன வயதிலிருந்தே 'எங்க தாத்தா துப்பாக்கி பிடிச்சவர்' என்று சொல்லி வளர்ந்தவர். "கூலின்னு வெளியில சொல்லாத, பட்டாளத்துக்காரர்னே இருக்கட்டும்" என்றார். மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சொல் இந்த ஊரில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் மறைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் செய்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டு வந்து மாமாவிடம் சொல்வது என்று அன்றே முடிவு செய்தேன்.

பசரா என்பது பாஸ்ரா. ஈராக்கின் துறைமுகம். குவைத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்த என் தம்பி மகனிடம் 'மாய்' கதையைச் சொன்னபோது, அவன் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான். "அத்தை, அங்க தண்ணியை மாய்னுதான் சொல்லுவாங்க" என்றான். காய்ச்சலில் கிடந்த மனுஷன் தண்ணீர் கேட்டிருக்கிறார். பக்கத்திலிருந்த யாருக்கும் அது புரியவில்லை.

1916இல் பாஸ்ராவில் கப்பலைக் கரையோடு நிறுத்திச் சரக்கு இறக்கச் சரியான துறை இல்லை. சரக்கோடும் ஆட்களோடும் வந்த கப்பல்கள் ஷத்-அல்-அரபு ஆற்றில் வாரக்கணக்கில் நின்றன. மேலே டைக்ரிஸ் ஆற்றங்கரையில் போரிட்ட படைக்குச் சாப்பாடு, மருந்து, குண்டு எதுவும் போய்ச் சேரவில்லை. அந்த ஏப்ரலில் கூட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய பிரிட்டிஷ்-இந்தியப் படை பட்டினி கிடந்து சரணடைந்தது. காய்கறி இல்லாமல் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். ஸ்கர்வி வந்தால் ஈறு வீங்கிப் பல் உதிரும். ஆயா சொன்ன பல் கதைக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் குளறுபடியை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1917இல் வெளியாகி, இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலக வேண்டி வந்தது. பிறகு துறைமுகம் கட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள், வெள்ளத்துக்குக் கரை எழுப்பினார்கள். 1917 மார்ச் 11 அன்று பாக்தாத் பிடிபட்டது. அந்தத் துறையில் மூட்டை இறக்கியதும், தண்டவாளம் சுமந்ததும், கரைக்கு மண் வெட்டிப் போட்டதும் யார்? என் கொள்ளுத்தாத்தா மாதிரி ஆட்கள்தான். பாக்தாத்தைப் பிடித்த தளபதி மாட் அதே வருஷம் நவம்பரில் காலராவில் செத்தார். தளபதிக்கே அந்தக் கதி என்றால் கூலிக்கு என்ன பாதுகாப்பு இருந்திருக்கும்?

இதை எல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஐம்பது டிகிரி வெயிலாமே அங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் போரில் சென்னை மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 51,000 பேர் படைவீரர்களாகவும், ஏறத்தாழ 41,000 பேர் ஆயுதம் ஏந்தாத வேலைகளுக்கும் சேர்க்கப்பட்டதாக அன்றைய அரசின் கணக்கே சொல்கிறது. இந்தியா முழுக்கச் சேர்க்கப்பட்ட 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் இப்படிப்பட்டவர்கள். கழுதை ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், துணி வெளுத்தவர், சமைத்தவர், மலம் அள்ளியவர், டோலி தூக்கியவர். நம் மாகாணத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய பாதிப் பேர். மலர்வளையம் வைக்கும்போது இவர்களையும் சேர்த்துத்தான் வைக்கிறோமா?

தேடப் போனவர்களுக்குத்தான் தெரியும், இவர்களைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று. நம் தாத்தா சேப்பர்ஸில் இருந்தார் என்றால் பெங்களூரில் அதன் மையம் இன்றும் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். எழுதிக் கேட்கவாவது ஒரு விலாசம் உண்டு. லேபர் கார்ப்ஸைப் போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். அதற்கு வாரிசாக எந்த அலுவலகமும் இல்லை. நான் எழுதிய ஒரு அலுவலகத்திலிருந்து எட்டு மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் பிரிவு எங்கள் அதிகார வரம்பில் வராது.' சரி, யாருடைய வரம்பில் வரும் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாமே என்று வருத்தமாக இருந்தது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்திய அலுவலக ஆவணங்களில் அதிகாரிகளின் பணிக்குறிப்புகள் நிறைய உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கே தனிக்கோப்பு கிடைப்பது அரிது, கூலிக்கு எங்கே போவது?

அத்தை மகனை, அந்த வராத மனுஷனை, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடினேன். பணம் கட்ட வேண்டியதில்லை, யாரும் பார்க்கலாம். இறந்தவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். சிலருக்குப் பக்கத்தில் அப்பா பெயரும் ஊரும் வட ஆற்காடு என்று மாவட்டமும் போட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. சிலருக்குப் பெயரும் எண்ணும் தவிர ஒன்றுமில்லை. நான் அவர் பெயரை ஒன்பது விதமாக எழுத்துக்கூட்டித் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

ஈராக்கில் அமாரா என்ற ஊரில், ஆற்றின் இடது கரையில், இந்தியர்களுக்கென்று ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. சுமார் 5,000 பேர் அங்கே அடக்கம். அதில் பெயர் தெரிந்தவர்கள் ஒன்பதே பேர். யாரை எங்கே புதைத்தோம் என்று ராணுவம் முழுமையாகக் குறித்து வைக்கவில்லை. பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியவர்கள், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் வெட்டினார்கள். 2021 ஏப்ரலில் அந்தப் போர்க் கல்லறை ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரில்லாமலோ எந்த நினைவும் இல்லாமலோ விடப்பட்டார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்தான் அதில் அதிகம்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் மாவட்டங்களில் சில ஊர்களில் பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று இருக்கும். எண் மட்டும்தான், பெயர் கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பெயர்களை எழுதி வைக்க நமக்கும் தோன்றவில்லை. அதுவும் எங்கள் செங்கம் பக்கத்தில்! நடுகல்லுக்குப் பேர்போன மண் இது. எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்தவனின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று இரண்டு திருடர்களைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நாம். என் ஆயாவின் அப்பா பெயரைப் புளியில் கரையவிட்டோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பஞ்சாபைப் பாருங்கள். போர் முடிந்ததும் அந்த மாகாண அரசு ஊர் ஊராக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறு வருஷம் கிடந்தன. பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபிகளின் மரபுச் சங்கம் ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைக் கணினியில் ஏற்றி, 2021இல் வெளியிடத் தொடங்கினார்கள். சுமார் 3,20,000 பேரின் விவரம். பேரன் பேத்திகள் தங்கள் ஊர்ப் பெயரை அடித்துத் தேடுகிறார்கள். நம்மிடம் எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்தக் காலத்து அரசாணைகள் துறைவாரியாக, வருஷவாரியாக அங்கே இருக்கின்றன. நான் ஆறு நாள் போய் உட்கார்ந்து அட்டவணைகளைப் புரட்டினேன். தாள் தொட்டால் பொடிகிறது. ஊழியர்கள் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வு பெற்ற ஒருத்தி ஆறு நாளில் செய்து முடிக்கிற காரியம் இல்லை இது. அரசு முன்வந்து, நான்கைந்து கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளைச் சேர்த்து, ஊர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்கிப் பெயர்ப் பதிவேடு ஒன்று தயாரிக்க வேண்டும். அதில் 'கூலி', 'வண்ணார்', 'தோட்டி', 'மியூல் டிரைவர்' என்று எந்தப் பதவியில் போயிருந்தாலும் சிப்பாய்க்குச் சமமாக ஒரு வரி இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் தயவுசெய்து புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் போடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முதலில் விளிம்பைப் பாருங்கள். பழைய இரும்புக்காரரிடமும் நகைக்கடையிலும் போடுவதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போன தாத்தாக்கள் என்றால் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். அதில் இருக்கும் எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் தாள்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடும் வழக்கம் ராணுவத்தில் இருந்திருக்கிறது. ஆகவே அந்த டிரங்குப் பெட்டியில் இருப்பது மட்டுமே மிச்சமாகவும் இருக்கலாம். பெயர் கிடைக்கவில்லை என்றால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். 'ழ', 'ள', 'ண' எல்லாம் வெள்ளைக்கார எழுத்தர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். கடைசி 'ன்' பாதிப் பெயர்களில் இருக்காது. ஊர்ப் பெயரை வைத்தும் தேடுங்கள்.

அப்புறம் வீட்டில் தொண்ணூறு தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அர்த்தமில்லாத சொல் என்று தோன்றுவதைக்கூடக் குறித்து வையுங்கள். 'மாய்' என்ற ஒரு சொல்லை எங்கள் ஆயா ஞாபகத்தில் வைத்திருந்ததால்தான் எனக்கு இவ்வளவும் கிடைத்தது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு உதவி. கூடப் போய்த் திரும்பாத அந்த அத்தை மகனின் அக்கா குடும்பம் பிழைப்புக்காக ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கம் போய்விட்டதாக ஆயா சொல்லியிருக்கிறாள். அவர்கள் வழியில் வந்தவர்கள் இப்போதும் அந்தப் பக்கத்தில் இருக்கலாம். அவருடைய பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். குதிரைக்காரன் அச்சடித்த வெண்கலக் காசு ஒன்றையோ, பசரா என்ற சொல்லையோ வைத்திருக்கும் குடும்பம் ஏதாவது தங்களுக்கு எழுதினால், அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து எனக்குத் தெரிவியுங்கள். நானே நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். செங்கத்திலிருந்து சிங்காரப்பேட்டைக்கு நேர் பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.